உள்ளே போன ஒரே கோடு

அந்தப் படத்தை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். அலுவலகக் கூட்ட அறையின் பெரிய திரையில் போட்டார்கள். மேலே இருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு குடியிருப்பின் வரைபடம். வரிசையாகக் கட்டடங்கள், நடுவில் சந்துகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு மைதானம். அதன் மேல் மஞ்சளும் சிவப்புமாகக் கறை. ஆட்டம் ஆடியவர்கள் எங்கெல்லாம் நடந்தார்களோ அங்கே மஞ்சள். எங்கே அதிக நேரம் நின்றார்களோ அங்கே சிவப்பு. யாரும் கால் வைக்காத இடம் கறுப்பு. எங்கள் தொழிலில் இதை ஹீட் மேப் என்போம். சந்துகள் எல்லாம் மஞ்சளாக இருந்தன. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சிவப்புப் பொட்டு. வீடுகளுக்குள்ளே முழுக் கறுப்பு. ஒரே ஒரு வீட்டில் மட்டும் மெல்லிசாக ஒரு கோடு வாசலைத் தாண்டி உள்ளே போயிருந்தது. கூடத்தைக் கடந்து நேராக அடுப்படி, அங்கிருந்து பின்பக்கத் துவைக்கிற கல், மறுபடி கூடம். கூடத்தில் ஓர் இடத்துக்கு வந்து அப்படியே நின்றுவிட்டிருந்தது.

அந்தக் கோடு யாருடையது என்று எனக்குத் தெரியும். எங்கள் டீமை நடத்துகிற லீடுக்குத் தெரியும். மேனேஜருக்கும் தெரியும். தெரிந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன். நயமாக எழுத எனக்கு வராது. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். லீட் என்னைவிடச் சின்னவன், தம்பி மாதிரி, அதனால் அவன் என்று எழுதுகிறேன். மேனேஜருக்கு ‘அவர்’ போடுவது பழக்கதோஷம். மரியாதை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டில், மண்ணூர்பேட்டை பக்கம் இருக்கிறது. முன்பு அங்கே ஒரு தொழிற்சாலை இருந்ததாம். இப்போது கண்ணாடிக் கட்டடம். வெளிநாட்டுக் கம்பெனிகள் வீடியோ கேம் போடுகின்றன, அதற்கு வேண்டிய இடங்களை நாங்கள் செய்து தருகிறோம். கதாநாயகனைச் செய்கிறவர்கள் வேறு, துப்பாக்கி செய்கிறவர்கள் வேறு. நாங்கள் சுவர், படிக்கட்டு, தெரு, மரம், சாக்கடை. நான் அதற்கு முன்னால் இதே எஸ்டேட்டில் ஒரு கருவிக் கம்பெனியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவள். கம்ப்யூட்டரில் கோடு போடத் தெரியும் என்பதால் இங்கே எடுத்தார்கள். வீட்டில் என்ன வேலை என்று கேட்டால் ‘கேம்ல சுவர் கட்டறேன்’ என்பேன். சிரிப்பார்கள். கேம் என்றால் சுடுகிறவனும் குதிக்கிறவனும்தான் எல்லாருக்கும் ஞாபகம். அவன் எதன்மேல் நின்று சுடுகிறான், எதிலிருந்து எதற்குக் குதிக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை.

சினிமாவில் கேமரா உங்களைக் கூட்டிப்போகும். கேமில் கூட்டிப்போவது கட்டடம். ஒரு நீளமான நடைவழியின் கோடியில் ஒரு விளக்கை வைத்தால் ஆடுகிறவன் அந்தப் பக்கம்தான் போவான். பாதி திறந்த கதவை வைத்தால் எட்டிப் பார்ப்பான். கூரையைத் தாழ்த்தினால் குனியாமலே குனிந்த மாதிரி நடப்பான். தானே முடிவு செய்து போவதாக அவன் நினைத்துக்கொள்வான். முடிவு செய்தது நாங்கள். அதனால்தான் சொல்கிறேன், இந்த வேலையில் அலங்காரம் என்று எதுவும் இல்லை. வாசலை எங்கே வைக்கிறோம், திண்டை எவ்வளவு உயரம் வைக்கிறோம் என்பதிலேயே ஆடுகிறவன் விருந்தாளியா, திருடனா, கொலைகாரனா என்பது முடிவாகிவிடுகிறது. லீட் இதை வேறு மாதிரி சொல்வான். “நம்ம செவுரு கட்டலக்கா, நடத்தைய கட்டறோம்.” சொல்லிவிட்டு அவனே ‘தூ, பேச்சப் பாரு’ என்று தலையில் அடித்துக்கொள்வான்.

அவன் கட்டடக்கலை படித்தவன். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அந்த வேலைக்கு வந்தவர். அதனால் வீட்டில் ஒரு தமிழ், வெளியில் மெட்ராஸ் தமிழ், கிளையண்டிடம் இங்கிலீஷ் என்று மூன்று வாய் அவனுக்கு. எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் கதவு நிலையில் கையை விரித்து அகலம் பார்ப்பான். கல்யாண மண்டபத்தில்கூட அப்படிப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டார் முறைத்ததை நானே கண்டேன்.

அந்த கேம் வந்தபோது கிளையண்ட் எங்களுக்குப் படங்கள் அனுப்பினார்கள். இந்தியாவில் ஒரு தொழிற்சாலை ஊர். அங்கே தலைமறைவாக இருக்கும் ஒருவனைக் கண்டுபிடிக்க வேண்டும். அவன் எந்த வீட்டில் இருக்கிறான் என்று வீடு வீடாகப் போய்த் துப்புத் தேட வேண்டும். அதுதான் ஆட்டம். அனுப்பிய படங்களில் என்ன இருந்தது தெரியுமா? மாடு. குப்பை. காரை பெயர்ந்த சுவர். எல்லாவற்றின் மேலும் டீக்கறை மாதிரி ஒரு பழுப்பு வெளிச்சம். நாங்கள் முதலில் செய்து அனுப்பிய தெருவுக்கு வந்த பதில், ‘இன்னும் குப்பை வேண்டும்’. லீட் அதைச் சத்தமாகப் படித்தான். “எங்க குவார்ட்டர்ஸ்ல ஒருத்தன் வாழப்பழத் தோல வாசல்ல போட்டா, எதுத்த ஊட்டுக்காரம்மா அதை எடுத்துகினு போயி அவன் கையிலயே குடுப்பாங்க. இவனுக்கு எங்கேர்ந்துடா குப்பை குடுக்கறது?” மேனேஜர் சொன்னார், “கேக்கறத குடு நைனா. உங்க எதுத்த ஊட்டம்மாவா நமக்கு சம்பளம் போடுது?” மேனேஜர் மண்ணூர்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர். போனில் இருக்கும்வரை சுத்தமான இங்கிலீஷ். போனை வைத்தால் மண்ணூர்பேட்டை.

லீட் சண்டை போட்டான். கடைசியில் ஒரு தந்திரம் செய்தான். அரசாங்கக் குடியிருப்பில் எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி, ஒன்றைச் செய்து நகலெடுத்து வைத்தால் போதும், வேலை சீக்கிரம் முடியும் என்றான். கிளையண்ட் உடனே ஒப்புக்கொண்டார்கள். அப்படித்தான் ஆவடி குவார்ட்டர்ஸ் அந்த கேமுக்குள் வந்தது. மாடியும் கீழுமாக நாலு வீடு வைத்த கட்டடங்கள், வெளிர் மஞ்சள் சுண்ணாம்பு, பச்சை ஜன்னல், கறுப்பு மையில் அச்சடித்த எண்.

எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் ஆடுகிறவன் எப்படி வழி கண்டுபிடிப்பான்? மற்ற கேம்களில் தலைக்கு மேல் ஓர் அம்புக்குறி மிதக்கும். அதைப் பார்த்து ஓட வேண்டியதுதான். லீட் அம்பு வைக்க மறுத்தான். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எண்ணைப் பார்த்து வீடு கண்டுபிடிப்பதில்லை, வாசலைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள் என்றான். தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்த ஆட்கள் ஒரே மாதிரிப் பெட்டிகளில் குடியிருந்தால் வாசலில்தான் ஊர் தெரியும். ஒரு வாசலில் நாலு பக்கமும் செம்மண் இழுத்த கோலம். ஒன்றில் புள்ளி வைத்த சிக்குக் கோலம். ஒன்றில் கோலமே இல்லை, கதவுக்கு ஒரு பூப்போட்ட திரை, நிலைக்கு மேல் 786 ஸ்டிக்கர். ஒன்றில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை ஏற்றியவர்கள் மார்ச் வரை இறக்கவில்லை. ஒரு வீட்டில் முருங்கை, ஒன்றில் கருவேப்பிலை, ஒன்றில் ஓடாத ஸ்கூட்டர். இவையெல்லாம் துப்புகள். கவனித்துப் பார்க்கிறவன்தான் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பான்.

கதவுகளை அவன் திறந்து வைத்தான். பகலில் குவார்ட்டர்ஸில் யார் கதவைச் சாத்துவார்கள்? ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வேறு வேறு வாழ்க்கை. அத்தனையும் செய்ய மாதக்கணக்கில் ஆனது. அதில் ஒரு வீடு அவன் வீடு. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் இரண்டாவது கட்டடத்தில் கீழ்வீடு. குவார்ட்டர்ஸ் என்பது அப்பா வேலையில் இருக்கும்வரைதான். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். அவன் கல்லூரியில் படிக்கும்போது, சாவியைத் தொழிற்சாலை ஆபீசில் ஒப்படைத்துவிட்டுக் காலி செய்தார்கள். அப்பா அதன் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. அம்மாவும் அவனும் நசரத்பேட்டையில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். ஒரு தடவை பைக்கில் போய்ப் பழைய வீட்டுக்கு எதிரே நின்றானாம். வேறு யாருடைய துணியோ கொடியில் காய்ந்துகொண்டிருந்ததாம். திரும்பி வந்துவிட்டான். அம்மாவுக்கு ஒரு தடவையாவது அந்த வீட்டைக் காட்ட வேண்டும் என்றான். “அவ்ளோதான்க்கா. கேம் ஓடுதோ இல்லியோ, அது வேற.”

ஆயுத பூஜை வந்தது. எஸ்டேட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், அன்றைக்குத்தான் குடும்பத்தை வேலை செய்யும் இடத்துக்குக் கூட்டிவருவோம். லேத்துக்குப் பொட்டு வைக்கிற ஊரில் நாங்கள் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்தோம். சர்வர் அறை வாசலில் வாழைக்கன்று, எல்லார் மேஜையிலும் பொரி. மேனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. இத்தனை குடும்பம் வருகிறதே, எல்லாரையும் ஆட விட்டு, அந்தப் பதிவைக் கிளையண்டுக்கு அனுப்பினால் நல்ல பெயர் கிடைக்கும், கேம் ஆடியே பழகாத ஆட்களை வைத்துச் சோதனை செய்தோம் என்று சொல்லலாம் என்றார். லீட் சந்தோஷமாக ஒப்புக்கொண்டான்.

மண்ணூர்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மாதான் முதலில் உட்கார்ந்தார். எங்கள் வாட்ச்மேனின் மனைவி. கொஞ்ச நேரம் சுவரில் முட்டி, பிறகு பழகிக்கொண்டு சந்தில் நடந்தார். கோலம் வந்ததும் அதை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கிப் போனார். வாசலில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

“இன்னா நைனா, ஊட்ல ஆருமே இல்லியா? கதவ தொறந்து போட்டுகினு எங்க போய்ட்டாங்க?”

“உள்ள போங்கம்மா, ஒண்ணும் ஆவாது” என்றான் லீட்.

“ஆரும் கூப்டாம எப்படி போறது?” என்று அவனைத் திட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் வாசலில் நின்றார்.

அன்றைக்கு ஆடிய எல்லாரும் அதையே செய்தார்கள். பூந்தமல்லியிலிருந்து வந்த தையல்காரர் ஒருவர், எங்கள் டீமில் இருக்கும் பெண்ணின் அப்பா, திரை போட்ட வாசலுக்கு வந்ததும் இருமினார். திரைக்குள் பார்வை போய்விடக் கூடாது என்று ஆட்டத்தில் நடக்கிற தன் ஆளைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்திவைத்தார். கேமில் இருமல் கேட்காது என்று மகள் சொன்னாள். “கேக்காட்டி என்னம்மா, நமக்குத் தெரியணும்ல” என்றார். மேனேஜரும் ஆடினார். செம்மண் கோலத்தைச் சுற்றி நடந்து, ஒரு வாசலில் நின்று, “சார், சார்” என்று கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக் கூப்பிட்டார். எல்லாரும் சிரித்தோம். “ஆருமில்ல போல. அப்பால வர்லாம்” என்று ஆளைத் திருப்பிக்கொண்டு போனார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் லீடின் அம்மா. எந்த வீடு என்று அவன் சொல்லவில்லை. ஆளை நகர்த்துகிற கைப்பிடியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தேன். மெதுவாக நடந்தார். இரண்டு மூன்று தடவை சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். தண்ணீர்த் தொட்டி வந்ததும் நடை மாறியது. மற்ற வீடுகளைத் திரும்பியும் பார்க்காமல் இரண்டாவது கட்டடத்துக்குப் போனார். வாசலில் நிற்கவே இல்லை. நேராக உள்ளே போனார். கூடம், அடுப்படி.

“ஏல, சிலிண்டர இந்தப் பக்கம்லா வச்சிருந்தேன்?”

“மாத்திடறேம்மா.”

“மாத்து. இங்க வச்சா கால்ல இடிக்கும்.” பின்பக்கம் போய்த் துவைக்கிற கல்லைப் பார்த்தார். திரும்பிக் கூடத்துக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே நின்றார். கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டார். அடுத்து ஆட வேண்டிய பெண் பக்கத்தில் காத்திருந்தாள். அவளைப் பார்த்து, “இரும்மா, இப்பத்தான வந்தேன்” என்றார்.

அன்றைய பதிவுதான் கிளையண்டுக்குப் போனது. அதைத்தான் அந்த ஹீட் மேப்பாகப் போட்டு, ஒரு மாலை வீடியோ அழைப்பில் எங்களுக்குக் காட்டினார்கள். அந்தப் பக்கம் பேசியவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வாசலில் இருந்த சிவப்புப் பொட்டுகளைக் காட்டி, இங்கே எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள், கதவு நிலையில் ஏதோ கோளாறு என்றார். உள்ளே இருந்த கறுப்பைக் காட்டி, வீட்டுக்குள் போக யாருக்கும் ஆர்வம் இல்லை என்றார். தரையில் இருக்கிற வெள்ளைக் கோலத்தைச் சுற்றிப் போகிறார்களே, அது ஏதோ தடுப்பு என்று நினைத்துவிட்டார்கள் போல என்றார். அந்த மெல்லிசுக் கோட்டைக் காட்டி, இது யாரோ தவறிப் போனது, கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார். ஆகவே வீடுகளை மூடிவிடலாம். சந்துகளில் சண்டை வைத்துக்கொள்ளலாம்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் “நோபடி கால்டு தெம்” என்றேன். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. அந்தப் பக்கம் புரியாமல், யார் கூப்பிட வேண்டும், எதற்குக் கூப்பிட வேண்டும் என்று கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் மேனேஜர் மைக்கை அணைத்துவிட்டார்.

“அக்கா, கம்முனு இரு. இன்னா பேசற நீ?”

“வீட்ல ஆள் கூப்பிடாம உள்ள போக மாட்டாங்கன்னு சொல்லுங்க. நீங்களே போகலியே! அந்தச் செவப்புல உங்களதும் ஒண்ணு இருக்கு.”

“அத சொன்னா, உங்காளுங்களுக்கு கேம் ஆடத் தெரிலன்னுவான். அசிங்கம்.”

மைக்கைத் திறந்து, கதவுகளைச் சரிசெய்துவிடுகிறோம் என்று அழகான இங்கிலீஷில் சொன்னார்.

எது அசிங்கம்? இதை நான் எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். கேம் ஆடத் தெரியாத ஆட்கள் இல்லை அவர்கள். அந்த இடத்தை அவர்களைவிட நன்றாக ஆடியவர்கள் யாரும் கிடையாது. ஒருவன் கட்டடம் கட்டினால், அதைப் பார்த்தவர்கள் அது வீடு என்று நம்ப வேண்டும். நம்பினார்கள். திரையில் இருக்கிறது, உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும் வாசலில் நின்றார்கள். இந்தத் தொழிலில் இதற்கு மேல் ஒரு வெற்றி உண்டா? அதைக் கோளாறு என்று எழுதிவைத்தார்கள். மரியாதையாக நின்றதற்குத் தண்டனையாக வீட்டையே மூடினார்கள். இதைப் புரியவைக்க ஒரே ஒரு ஆளால் முடியும். அவர் அந்த வாசலில் ‘சார், சார்’ என்று கூப்பிட்டவர். அவர்தான் மைக்கை அணைத்தார். தெரியாதவன் செய்வதை மன்னித்துவிடலாம். தெரிந்தவன், தன்னுடைய நடத்தையைத் தானே தவறு என்று ஒப்புக்கொண்டு தலையாட்டுவதை எப்படி மன்னிப்பது?

லீட் அந்த அழைப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே டீக்கடையில் அவனைப் பிடித்துத் திட்டினேன். உனக்கு இங்கிலீஷ் வருமே, சொல்ல வேண்டியதுதானே என்றேன். டீயைப் பார்த்துக்கொண்டே, “அந்தக் கோடு எங்கம்மான்னு அவன்கிட்ட எப்டிக்கா சொல்றது?” என்றான். அவன்மேலும் எனக்குக் கோபம்தான். இன்றைக்கும் முழுதாகத் தணியவில்லை.

கேமில் கதவை மூடுவது என்றால் தாழ்ப்பாள் போடுவது இல்லை. கதவின் படத்தைச் சுவரில் ஒட்டுவது. அதற்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. உள்வீட்டை வெட்டி எடுத்துத் தனியாக ஓர் ஓரத்தில் போட்டுவைப்போம். அந்த வேலையை டீமில் யாரையும் தொட விடாமல் அவனே செய்தான். வீடு வீடாக. தன் வீட்டை எப்போது மூடினான் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் ராஜினாமா கொடுத்தான்.

கேம் வெளிவந்தது. நன்றாக ஓடியது. எங்கள் சந்துகளில் உலகம் முழுக்க ஆட்கள் சுட்டுக்கொள்கிறார்கள். கோலங்கள் அப்படியே இருக்கின்றன, ரத்தம் அவற்றின்மேல் தெறிக்கிறது. ஓர் ஆள் அந்த இடத்தைப் பாராட்டி வீடியோ போட்டிருந்தான். ஒளிந்து சுடுவதற்கு இதைவிட நல்ல மேப் கிடையாதாம். துவைக்கிற கல்லைத் தனியாகக் காட்டிப் புகழ்ந்தான், சரியான உயரமாம். திறந்த கதவைக் கொடுத்தபோது வாட்ச்மேனின் மனைவி விருந்தாளியாக நின்றார். கதவின் படத்தை ஒட்டியதும் அதே வாசல் முதுகைச் சாய்த்துத் துப்பாக்கியில் குண்டு நிரப்புகிற இடமாகிவிட்டது. ஆட்கள் கெட்டுப்போகவில்லை. இடத்தைக் கெடுத்தோம்.

லீட் இப்போது குத்தம்பாக்கம் பக்கத்தில் ஒரு பில்டரிடம் வேலை செய்கிறான். புது பஸ் நிலையத்தைச் சொல்லிச் சொல்லி அங்கே அடுக்குமாடி விற்கிறார்களே, அந்த வீடுகளை கம்ப்யூட்டரில் சுற்றிக்காட்டும் படம் செய்கிறான். போனில் கேட்டேன், எப்படிடா இருக்கு வேலை என்று. “சூப்பர்க்கா. இங்க கதவெல்லாம் தானா தொறக்கும். யாரும் கூப்ட வேணாம். ஊடு மட்டும்தான் இன்னும் கட்டல.”

போன வாரம் மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். இரண்டாம் பாகம் போடுகிறார்களாம். இந்தத் தடவை கிளையண்டுக்கு வீட்டு உள்பக்கம் வேண்டுமாம். நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன். அப்புறம் மீதியைச் சொன்னார்.

“ஊட்டுக்குள்ள பூந்து சுடற மாதிரிக்கா. கிச்சன்ல ஒர்த்தன் ஒளிஞ்சிகினு இருப்பான். சுட்டா பாத்திரமெல்லாம் செதறணும், செவுரு ஒடையணும். பழைய உள்வீடெல்லாம் அப்டியே கீது, எடுத்து ஒட்ட வேண்டியதுதான். ஆனா அந்தப் பையன் போட்ட முடிச்சு, அவனுக்குத்தான் அவுக்கத் தெரியும். நீ கேட்டா வருவான்.”

“நான் செய்யவும் மாட்டேன், கேக்கவும் மாட்டேன்.”

“இன்னாக்கா மொறைக்கிற? நீ பண்ணாட்டி இன்னொர்த்தன் பண்ணுவான். லேட்டாவும், அவ்ளோதான்.”

அது உண்மை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை நசரத்பேட்டைக்குப் போனேன். அவனை வேலைக்குக் கூப்பிடப் போகவில்லை. வேறு யார் வாயிலிருந்தாவது அவன் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று போனேன். பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய மாடி வீடு. லாரி போனால் ஜன்னல் கம்பி அதிரும். அம்மா காபி போட்டுக்கொண்டு வந்தார். நான் ஆரம்பித்தேன். இரண்டாம் பாகம் வருகிறது, வீடுகளை மறுபடி திறக்கிறார்கள் என்றதும் அவன் முகம் எப்படி மலர்ந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மீதியைக் கேட்காமலே அம்மாவிடம் திரும்பினான்.

“அம்மா, நம்ம வீட்ட தொறக்கறாங்களாம்.”

“எந்த வீட்டலே?”

“ஆவடி வீடும்மா. அன்னிக்கு ஆபீஸ்ல நடந்து போனியே.”

அந்த அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். மீதியைச் சொல்லாமல் கிளம்பிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் மென்று முழுங்க எனக்குத் தெரியாது. சொன்னேன். யார் வருவார்கள், எதற்கு வருவார்கள், அடுப்படியில் என்ன செய்வார்கள், எல்லாம். லீட் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“செருப்புக் காலோடயா வருவானுவ?”

“பூட்ஸ் காலோடம்மா.”

“அடுப்படி வரைக்குமா?”

“அடுப்படி வரைக்கும்.”

வெளியே ஒரு லாரி போனது. பிறகு மகனிடம், “அப்ப பூட்டியே கெடக்கட்டும்ல” என்றார். அவன் தலையை ஆட்டினான். நான் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன் அம்மா, ஆனால் அவர்கள் வேறு ஆளை வைத்துத் திறந்துவிடுவார்கள் என்றேன்.

“நாம பூட்டிருந்தா அவன் எப்படித் தொறப்பான்? சாவி யாருகிட்ட இருக்கு?”

லீட் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “கம்பெனிகிட்டம்மா.”

அந்த அம்மா காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“இதுலயுமா?” என்றார்.